அரசியக்காவின் ஊதாப் பெட்டி

மானாமதுரை தண்ணித்தொட்டித் தெருவில், மங்கையர்க்கரசி வாங்கி வந்த ஊதாப் பெட்டி அவளுடைய சொந்தச் சாமான் எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளாது என்று தெரிய வந்தது ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். ராமேஸ்வரம் வண்டி அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதமாக வந்து அப்போதுதான் ஊளையிட்டுக்கொண்டு போனது, அந்தத் தெருவில் எதுவும் வண்டியை வைத்துத்தான் ஞாபகம் இருக்கும், பிறப்பானாலும் சரி, சாவானாலும் சரி, பெட்டியானாலும் சரி.

மங்கையர்க்கரசி என்ற முழுப்பேரைச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது, எல்லோருக்கும் அவள் அரசியக்கா. முப்பத்து நாலு வருஷம் ரயில்வே முன்பதிவு கவுண்டரில், ஒரு கை மட்டும் நுழையக்கூடிய ஓட்டை வைத்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் போகிறவர்களையும் கருமாதிக்குப் போகிறவர்களையும், காசிக்குப் போகிறவர்களையும் கோபித்துக்கொண்டு போகிறவர்களையும், வேலை கிடைத்துப் போகிறவர்களையும் வேலை போய் வீடு திரும்புகிறவர்களையும், "எங்க போகணும்?" என்று கேட்டுக் கேட்டு அனுப்பிவைத்தவள். அவளை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. வருஷா வருஷம் ரயில்வே கொடுக்கிற இலவசப் பாஸ் டிசம்பர் முடிய மேஜை இழுப்பறையிலேயே கிடந்து காலாவதியாகும், ஏனென்றால் வருஷா வருஷம் யாருக்காவது காது குத்து இருக்கும், யாருக்காவது கண் ஆபரேஷன் இருக்கும், அரசியக்காதானே தனிக்கட்டை, அவள்தானே கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் தட்டிக்கொண்டே போய் ஒருநாள் நின்றுவிட்டது, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவள் தூரமாகப் போய் வந்தது திருப்பதி, ஒரே ஒரு தடவை, அதிலும் கூட வந்த சித்திக்கு வரிசையில் மயக்கம் வந்து பாதியிலேயே திரும்பியாயிற்று.

ஓய்வு பெற்ற மறுவாரம் அவள் ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் "எங்க போகணும்?" என்று எழுதி, அதற்குக் கீழே பதிலையும் தானே எழுதிக்கொண்டாள். வடக்கே, நார்வே தேசத்தில், நார்விக் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே தண்டவாளம் முடிந்துபோகிறது, அதற்குப் பிறகு மலையும் கடலும்தான். ஆயுசு பூராவும் தண்டவாளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு அதன் நுனியைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது தப்பா? அதற்காக விமானத்தில் போய் நேரே அங்கே இறங்குகிறவள் இல்லை அவள். கீழே போர்ச்சுகலில் லிஸ்பன் என்ற ஊரில் இறங்கி, நாற்பத்தோரு ரயில் மாறி, தன்னந்தனியாக, எந்தச் சுற்றுலாக் கூட்டத்தோடும் ஒட்டாமல், தொண்ணூறு நாளில் மேலே போய்த் திரும்புவது என்று திட்டம். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு ஊர், எந்த வண்டி, எத்தனையாவது பிளாட்பாரம், தங்குமிடத்துக்கு நடந்தால் எத்தனை நிமிஷம், மழை பெய்தால் ஒதுங்க எந்தக் கட்டடம் என்று இரண்டு வருஷம் எழுதினாள். எண்பத்து மூன்று, எண்பத்து நாலு, எண்பத்து ஐந்து என்று மூன்று பக்கமும் நார்விக். அதில் எண்பத்து நாலாம் பக்கத்தில் வண்டி இல்லை, நேரம் இல்லை, மூன்றே வார்த்தைதான். "அன்னைக்கு சும்மா இருக்கணும்."

சென்னைக்குப் போய் கைரேகை வைத்து விசாவும் வாங்கிவிட்டாள். செருப்பைத் தவிர எதுவும் மாட்டியிராத காலுக்கு மதுரையில் சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கி, சேலையை முழங்காலுக்குக் கீழே தூக்கிச் செருகிக்கொண்டு, விடிகாலையில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து பழகினாள். "அரசியக்கா ஒலிம்பிக்குக்குக் கெளம்பிருச்சுடி" என்று தெரு சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறவியிலேயே அவள் இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து வைத்துத்தான் நடப்பாள், செருப்பெல்லாம் அந்த ஓரத்தில்தான் தேயும். இது ஷூ ஆயிற்றே, எப்படித் தேய்கிறது பார்க்கிறேன் என்று அவளுக்குள்ளே ஒரு குஷி.

ஆக, எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தப்பு நடந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பெட்டி வீட்டுக்கு வந்த அரைமணி நேரத்தில்.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதுப்பானையோ புதுப்பெட்டியோ வீட்டுக்குள் வந்தால் அதை வெறுமனே வைக்கக் கூடாது, பிடி அரிசியோ ஒரு கட்டி மஞ்சளோ ஏதாவது ஒன்றை உள்ளே போட்டுவிட வேண்டும். அரசி மஞ்சள் எடுக்க அடுப்படிக்குத்தான் போனாள். அதற்குள் பக்கத்து வீட்டு பாக்கியமேரி ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"ஏக்கா, போறதுதான் போறீக, எம்மக ஹாலந்துல கெடக்குதுல்ல, அதுக்கு ரெண்டு கை பருப்புப்பொடி. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சாப்பிடுதாம் ரொட்டிய. ஒங்க பொட்டி சும்மாதானே கெடக்குது?"

வேண்டாம் என்று சொல்ல அரசிக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேண்டாம் என்ற சொல் கவுண்டரில்கூட வந்ததில்லை, "இடம் இல்லை" என்பதையே "காத்திருப்புப் பட்டியல் இருக்கு" என்றுதான் சொல்வாள். "சரி, வை மேரி" என்றாள். அப்படியாக அந்தப் பெட்டிக்குள் முதன்முதலாகப் போனது அடுத்தவள் பொட்டலம்.

மறுநாள் காலை, சொன்னேனே, ராமேஸ்வரம் வண்டி தாமதமான அன்று, அரசி தன் கம்பளிச் சட்டையை மடித்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள். திரும்பிப் பார்த்தால் சட்டை தரையில் இருக்கிறது. மடிப்புக் கலையாமல், கை இரண்டும் உள்ளே செருகி, அவள் மடித்த மாதிரியே. மறுபடி வைத்தாள், மறுபடி தரையில். உள்பாவாடை, தரையில். ரத்த அழுத்த மாத்திரை, தரையில். சீப்பு, சோப்பு டப்பா, முருகன் படம், தரை, தரை, தரை. ஷூவை வைத்தாள், அது ஜோடியாக வாசலைப் பார்த்து வெளியே வந்து நின்றது. பருப்புப்பொடி மட்டும் உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

பாக்கியமேரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேரி இடுப்பில் கையை வைத்து நின்று பார்த்து, "அப்படியா சங்கதி" என்று வீட்டுக்குப் போய், சந்தேகத்துக்குச் சரிபார்க்க இன்னொரு பொட்டலம் அப்பளம் எடுத்து வந்து போட்டாள். கிணற்றில் விழுந்த கல் மாதிரி அது உள்ளே போய் மறைந்தது. கையை விட்டு, "ஹாலந்துல எம்மக ஸ்டெல்லாவுக்குப் போட்டது வா" என்று சொன்னதும் அப்பளம் கைக்கு வந்தது. மறுபடி போட்டாள், மறைந்தது. மாவு மில் சிக்கந்தர் ராவுத்தர் கடைத் தராசில் பெட்டியைத் தூக்கி வைத்து எடை பார்த்தார்கள். ஏழே கால் கிலோ. ஒரு மூட்டை புழுங்கலரிசியைப் போட்டு மறுபடி வைத்தார்கள். ஏழே கால் கிலோ.

"எவ்வளவு வேணாலும் பிடிக்கும்போல இருக்கே" என்றார் சிக்கந்தர், தாடியைத் தடவிக்கொண்டு. "நல்ல கம்பெனி."

தெரு ஆச்சரியப்பட்டதோடு சரி, அதுவும் அரைநாள்தான். அதற்கப்புறம் இறங்கிவிட்டது வேலையில். தெற்குப் பக்கம் பன்னிரண்டு வீடு, வடக்குப் பக்கம் பதினொன்று, ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு குளிர்நாட்டில் கிடந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஊறுகாய் போயிற்று, வடகம் போயிற்று, கருப்பட்டி போயிற்று, அம்மிக்கல் போயிற்று, அம்மிக் குழவி அடுத்தநாள் போயிற்று, இட்லிக் குண்டான் போயிற்று, தொட்டில் கம்பு போயிற்று, மானாமதுரைக் கடம் ஒன்று வைக்கோல்கூடச் சுற்றாமல் போயிற்று. கடைத்தெருக்காரர்களுக்குத் தெரிந்து, பிறகு வைகைக்கு அந்தப் பக்கம் தெரிந்து, பரமக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். சாமான் தீர்ந்த பிறகு வேறு மாதிரியானவை வர ஆரம்பித்தன. பேச்சு வார்த்தை நின்றுபோன தம்பிக்கு ஒரு அண்ணன் எழுதி ஒன்பது வருஷம் அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் போயிற்று. மகன் வந்து பார்க்காத அப்பாவின் மூக்குக்கண்ணாடி போயிற்று. ஒருத்தி வெறும் கையை மூடிக்கொண்டு வந்து, பெட்டிக்குள் விட்டு விரித்துவிட்டு, என்ன போட்டாள் என்று சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றுக்கும் ஏழே கால் கிலோதான்.

கூட்டம் அதிகமானதால் ஒழுங்கு வேண்டும் அல்லவா? அரசி வீட்டு ஜன்னல் ஓரமாக வரிசை நிறுத்தினார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, முதியோருக்குத் தனி. அவளை ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கம்பி வழியாகக் கை வரும், கையில் பொட்டலம் இருக்கும், பின்னாலே குரல் வரும். முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம், அவளையறியாமல் வாய் கேட்கும், "எங்க போகணும்?"

"ஸ்டாக்ஹோமுக்குத்தா. அங்ஙன எந்தம்பி மகன்."

எழுதிக்கொள்ள வேறு காகிதம் இல்லாமல் அவள் அந்த நீள நோட்டில்தான் எழுதினாள். முதலில் ஓரத்தில் எழுதினாள், பிறகு வரிக்கு நடுவில் எழுதினாள், பிறகு வேறு வழியில்லாமல் எழுதியிருந்ததை அடித்துவிட்டு அதன்மேல் எழுதினாள். ஏனென்றால் முகவரி மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்களா அவர்கள்? "ஞாயித்துக்கெழமைதான் அவன் வீட்ல இருப்பான்", "ரெண்டு நா தங்கி, புள்ள ஒழுங்காச் சாப்பிடுதான்னு பாத்துட்டு வாங்க", "மருமக கோவக்காரி, பக்குவமா எடுத்துச் சொல்லிட்டு வாங்க". ஆல்ப்ஸ் மலையில் சிவப்பு ரயிலில் போவதற்கு வைத்திருந்த பன்னிரண்டாம் பக்கம், ஒருத்தருடைய கொழுந்தியாளுக்குச் சீமந்த வளையல் கொடுக்கப் போயிற்று. ஆற்றோரம் நடப்பதற்கு வைத்திருந்த இருபத்தேழாம் பக்கம், ஒரு சண்டையைத் தீர்த்துவைக்கப் போயிற்று. ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு ஊராக, முப்பது, நாற்பது, ஐம்பத்தெட்டு என்று பக்கங்கள் கைமாறின. ஒன்றாம் பக்கத்திலிருந்து நுனி வரைக்கும் இன்னும் எத்தனை பக்கம் தன்னிடம் இருக்கிறது என்று அவள் தினமும் புரட்டிப் பார்ப்பாள். மறுநாள் காலை ஜன்னலைத் திறப்பாள்.

திறக்காமல் இருந்தால் என்ன? நானும் அதைத்தான் கேட்கிறேன். ஒருநாள் திறக்காமல் படுத்துக்கொண்டாள். தெரு பயந்துபோய்க் கதவை உடைத்து, டாக்டரைக் கூட்டி வந்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டு, ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்லி, அவள் எழுந்து உட்கார்ந்ததும் கஞ்சி கொண்டுவந்த பாத்திரத்தோடு ஆளுக்கொரு பொட்டலமும் விட்டுவிட்டுப் போனார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அதுதான் அவளுக்கு இருந்த பெரிய கஷ்டம்.

தந்திரமும் பண்ணிப் பார்த்தாள். "மேரி, இந்த ஷூவ நீயே போடு, ஹாலந்துல இருக்குற ஒம்மகளுக்குன்னு சொல்லிப் போடு" என்று கெஞ்சினாள். மேரி சிலுவை போட்டுக்கொண்டு போட்டாள். ஷூ வெளியே வந்து வாசலைப் பார்த்து நின்றது. "அது ஒங்க காலுக்கு வாங்குனதுன்னு அதுக்குத் தெரியுதுக்கா" என்றாள் மேரி, வருத்தமாகத்தான் சொன்னாள். கடைசியில் அரசி ஒரு முடிவுக்கு வந்தாள். போகட்டும், உடுத்திய சேலை, காலில் ஷூ, தோளில் ஒரு துணிப்பை, அது போதும். எண்பத்தேழு நாள் தெருவுக்கு ஓடுவோம், எண்பத்து மூன்றும் நாலும் ஐந்தும் நம்முடையது.

கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது சிக்கந்தர் ராவுத்தர் ஜன்னலுக்கு வந்தார். வரிசையில் நிற்காமல் நேராக வந்தார், மில்காரர் இல்லையா.

"தங்கச்சி, எங்கண்ணன் மகன் ஸ்வீடன்ல கிருணான்னு ஒரு ஊர்ல சொரங்கத்துல இருக்கான். நீ போற அந்தக் கடைசி ஊருக்குப் பக்கம்தானாம், மூணு மணி நேரம்தானாம் ரயிலு. அந்த மூணு நாளும் நீ சும்மாதானே இருக்கே? நோட்டுல நீயே எழுதியிருக்கியாம்ல, மேரி சொன்னா. அங்க போயித் தங்கி, அவன் பொண்டாட்டிக்கு நோன்புக் கஞ்சி வைக்கக் கத்துக்குடுத்துட்டு வந்துரு. பாவம், அது டெல்லிப்பக்கத்துப் புள்ள."

"அண்ணே, எனக்கே நோன்புக் கஞ்சி வைக்கத் தெரியாதே."

"அதுக்கென்னம்மா, நாளைக்கு எங்க வீட்ல வந்து ஒனக்குக் கத்துக்குடுத்துரும்."

வந்தார்கள், கற்றுக்கொடுத்தார்கள். பச்சரிசி எவ்வளவு, பாசிப்பருப்பு எவ்வளவு, வெந்தயம் எப்போது போடவேண்டும், தேங்காய்ப்பால் எப்போது என்று எண்பத்து நாலாம் பக்கத்தில் எழுதும்போது "சும்மா இருக்கணும்" என்பதன்மேல் பேனா போய் வந்தது. பூண்டு உரித்துக்கொண்டே அரசி அழுதாள். "பூண்டு புதுசு, அதான் காந்துது" என்றார் சிக்கந்தரின் மனைவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே தெருக்கூட்டம் போட்டார்கள். பெட்டியைச் சென்னைக்குக் கொண்டுபோக வேன் பிடிப்பது, மாலை போடுவது, எலுமிச்சம்பழம் நசுக்குவது பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, நீ ஏதாவது சொல்லேன்மா என்று அரசியைக் கேட்டார்கள். அவள் எழுந்தாள். மடியில் நோட்டு இருந்தது. என்ன சொல்லவேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள், இது என் பயணம், என் நாள், என் பக்கத்தையெல்லாம் திருப்பிக் கொடுங்கள் என்று. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப நான் எதுக்குப் போகணும்?"

அது அழுகை என்று யாருக்கும் விளங்கவில்லை. நியாயமான கேள்வி என்று எல்லோரும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"அதானே?" என்றார் சிக்கந்தர். "கம்பளி கெடையாது, மாத்திர வைக்க முடியாது, அந்தக் குளிருல அறுபது தாண்டுன பொம்பள தோள்பையோட எதுக்கு அலையணும்?"

"பொட்டிக்கே அக்கா போறது பிடிக்கல" என்றாள் மேரி. கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. "நாமதான் புரிஞ்சுக்காம இந்த மனுசியப் பாடாப் படுத்துறோம்."

"ஆனா சாமான் போயாகணுமே?"

எல்லோருடைய தலையும் ஒருசேர உமாபதி சார் பக்கம் திரும்பியது. உமாபதி சார் எதிர்வீட்டுக்காரர், கூட்டுறவு சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பஸ் திருப்புவனம் தாண்டினாலே வாந்தி எடுக்கிற ஆள். அவருடைய மகள் ஜெர்மனியில் இருந்துகொண்டு, அப்பா வாங்க அப்பா வாங்க என்று விசாவும் எடுத்துக் கொடுத்து ஆறு மாதமாகிறது. முழங்கால் வலி, மழைக்காலம், பூனை குட்டி போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நானா?" என்றார் உமாபதி சார். அது யார் காதிலும் விழவில்லை. ஒரு ஈடு இட்லி வேகிற நேரத்தில் இரண்டு பேருடைய விதியும் முடிவாகி, கைதட்டி, டீயும் குடித்தாயிற்று. அரசிக்குத் தலையில் இருந்து பெரிய சுமையை இறக்கிவிட்டோம் என்று தெருவுக்கு அவ்வளவு சந்தோஷம். போகிற வழியில் ஒவ்வொருத்தரும் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

டிக்கெட்டை ரத்து செய்வது அவளுக்குப் புதிதா என்ன. முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர் டிக்கெட்டை ரத்து செய்த அதே கையால் தன் டிக்கெட்டை ரத்து செய்தாள். அதற்கு மூன்று நிமிஷம்தான் ஆயிற்று.

புறப்படுகிற அன்று காலை உமாபதி சார் ஒரு துண்டும் இரண்டு வேட்டியும் கொண்டுவந்து, பெட்டிக்குள் வைத்தார். துண்டு தரையில் வந்து விழுந்தது, மடிப்புக் கலையாமல். வேட்டியும் வந்தது. அவர் அரசியைப் பார்த்தார். அரசி துண்டைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பெட்டிக்கு அவள்மேல் வெறுப்பு எதுவும் இல்லை, யார் போகிறார்களோ அவர்களுடையதை வாங்காது, அவ்வளவுதான். முதல்நாள் அதில் விழுந்தது மஞ்சளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதை இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

"அரசியம்மா," என்றார் அவர், குரல் இறங்கி, "எனக்குப் போகவே பிடிக்கலம்மா. ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நீங்களே போயிருங்களேன்."

"டிக்கெட் ரத்து பண்ணிட்டேன் சார்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது, யாரோ எலுமிச்சம்பழம் எங்கே என்று கத்தினார்கள். உமாபதி சார் என்ன செய்வார் பாவம், ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று நினைத்து, அந்தத் தெரு சொல்கிறதையே சொன்னார். "போறதுதான் போறேன். ஒங்களது ஏதாச்சும் இருந்தா குடுங்கம்மா, கொண்டு போறேன்."

அரசி உள்ளே போய் அந்தச் சாம்பல் ஷூவை எடுத்து வந்தாள். பெட்டிக்குள் வைத்தாள். வைத்ததும் போயிற்று, எந்தத் தயக்கமும் இல்லாமல், ஒன்று முதலில், மற்றது அடுத்து, படியிறங்குகிற மாதிரி. அவள் இருட்டாகக் கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றாள். நான் போகவில்லை என்று ஆனபிறகு இதற்கு என்னுடையது இனிக்கிறதா என்று பல்லைக் கடித்தாள், அப்புறம் அழுதாள், இந்தத் தடவை பக்கத்தில் பூண்டு இல்லை. ஜிப்பை அவளே இழுத்து மூடினாள்.

உமாபதி சார் தொண்ணூறு நாள் கழித்துத் திரும்பினார், நாலு கிலோ இளைத்து. இதற்கிடையில் தெருவில் திருவிழாதான் போங்கள். பொடி வந்துவிட்டது என்று ஹாலந்திலிருந்து போன், அம்மிக்கல் வந்துவிட்டது என்று பாரிஸிலிருந்து போன். ஒன்பது வருஷம் பேசாத தம்பி அண்ணனைக் கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசாமலே அழுதானாம். வெறுங்கையை விரித்துவிட்டுப் போனவள் ஒருநாள் பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனதைப் பார்த்தார்கள். கிருணாவில் மட்டும் கஞ்சி கொஞ்சம் அடிபிடித்துவிட்டது. "எல்லாம் ஒங்க புண்ணியம்க்கா" என்று ஆளாளுக்கு வந்து அரசி கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். சந்தோஷமில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தச் சந்தோஷம் அவள் வீட்டுக்குள் தங்கவில்லை, ஜன்னலோடு போய்விடும்.

"என்ன சார் பாத்தீங்க?" என்று தெரு சுற்றி நின்று கேட்டபோது, "என்னத்தப் பாத்தேன், காலிங்பெல்லத்தான் பாத்தேன்" என்றார் உமாபதி சார். "ரயில்ல கண்ண மூடிக்கிட்டே போவேன், எறங்குனா பெல்ல அடிப்பேன், பொட்டலத்தக் குடுப்பேன். விமான நிலையத்துல பொட்டிய மெஷின்ல விட்டுப் பாத்துட்டு, காலிப் பொட்டிய எதுக்குப்பா தூக்கிக்கிட்டுத் திரியிறேன்னு கேட்டான்."

கூட்டம் கலைந்தபிறகு அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு அரசி வீட்டுக்கு வந்தார். "ஒங்க ஷூ ஒண்ணுதாம்மா புரியல" என்றார். "தெனமும் காலைல ஒங்க பேரச் சொல்லிக் கைய விட்டுப் பாப்பேன், இருக்காது. சாயங்காலம் பாத்தா இருக்கும். சில நாள் நனஞ்சு இருக்கும். நான் எதுவும் செய்யல, சத்தியமா." அதைச் சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அரசி தரையில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தாள். காலிப் பெட்டியின் நடுவில் ஷூ இருந்தது. வாங்கும்போது இருந்த சாம்பல் நிறம் வெளுத்து, தையல் ஒரு பக்கம் விட்டு, வார் இரண்டும் சேற்றில் ஊறிக் காய்ந்து விறைத்து, முன்பக்கம் யாரோ மலையேறிய மாதிரிக் கீறல் விழுந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் தேய்ந்திருந்தது. வலது காலில் சீராகத் தேய்ந்திருந்தது. இடது காலில் வெளி ஓரம் மட்டும், அவள் சாய்த்து வைத்து நடக்கிற அந்த ஓரம் மட்டும், நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது.

உள்ளே கையை விட்டாள். கொஞ்சம் கருமணல் ஒட்டியது, உப்பு வாசம் அடித்தது, குதிகால் படுகிற இடம் இன்னும் ஈரமாக இருந்தது. தன் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தொண்ணூறு நாளும் ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாதம், மெத்தென்று, ஒரு கொப்புளம்கூட இல்லாமல் இருந்தது.

ஜன்னல் கம்பியில் யாரோ விரலால் தட்டினார்கள். பாக்கியமேரி. "ஏக்கா, தபாலாபீஸ்காரம்மா மகன் கனடா போறானாம், பொட்டிய ஒருவாட்டி குடுப்பீகளாம்ல?"

"எடுத்துக்க மேரி" என்றாள் அரசி, திரும்பிப் பார்க்காமல். மேரி வந்து பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து, ஷூவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முப்பத்து நாலு வருஷம் கண்ணாடி ஓட்டை வழியாகக் கேட்ட அதே குரலில், மெதுவாக, அதைக் கேட்டாள்.

"எங்கெங்க போனே?"